புது அரம் வழுக்குகிறது

எழுபதுகளின் பிற்பகுதியில் கோவையில் ஃபிட்டர் படிக்கச் சேர்ந்த எங்களுக்குத் தொடக்க வாரங்களில் ஒதுக்கியவை மூன்றுதான்: ஒரு எம்.எஸ். (மென் எஃகு) துண்டு, ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு 12 அங்குல பாஸ்டர்ட் ஃபைல், அதாவது முரட்டுப் பல் வைத்த அரம். லேத் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். காலை மணி அடித்ததும் ராவத் தொடங்கினால் சாப்பாட்டு மணி வரை ராவல். சாப்பிட்டு வந்தால் மறுபடியும் ராவல். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப் போகும். சட்டைப் பையில், காதோரத்தில், டிபன் பாக்ஸ் மூடியில் எல்லாம் அரப்பொடி.

எங்கள் இன்ஸ்ட்ரக்டர் அதிகம் பேசாதவர். வைஸின் தாடை அவரவர் முழங்கை மட்டத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். குள்ளமான பையனுக்குக் காலடியில் பலகை போடச் சொல்வார். "முன்னால போறப்ப அமுத்து. திரும்பி வர்றப்ப அமுத்தாத. பல்லு முன்னாலதான் வெட்டும். பின்னால தேச்சயின்னா அதைக் கொல்றே தம்பி" என்பார். பிறகு ட்ரை ஸ்கொயரை ராவிய முகத்தின் மேல் நிறுத்தி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கீழே வெளிச்சம் கசிந்தால் ஒன்றும் சொல்லாமல் துண்டைத் திருப்பித் தந்துவிடுவார். வெளிச்சம் கசியாத ஒரு முகம் எனக்கு முதன்முதலாக வந்த நாளில், அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடியாட்டம் இருக்குது" என்றார்.

அந்த வேலையை என் கை மட்டும் செய்யவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. நல்ல தட்டை அரத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் நடுவில் மெல்லிய வயிறு தெரியும். மனிதக் கை நேர்கோட்டில் போகாது. போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வால் துண்டின் இரண்டு ஓரமும் அதிகம் தேய்ந்து நடு மேடாகிவிடாமல் இருக்கத்தான் அந்த வயிறு. எந்த இடத்தில் மேடு இருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் பல் படும்படி ராவ அது இடம் கொடுக்கும். பழக்கமில்லாத ஒரு பையனின் கை என்னென்ன தப்புச் செய்யும் என்று யோசித்து, அதற்கு ஈடு கொடுத்துச் செய்த கருவி அது.

புது ஃபைல் ஸ்டோரில் சும்மா கிடைக்காது. பழையதைக் கொடுத்தால்தான் புதியது. அதுவும் வந்ததும் நேரே இரும்புக்குப் போகாது. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பல் கூர்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். அதனால் முதல் பருவம் பித்தளைக்கு. அதில் வழுக்கத் தொடங்கியதும் இரும்புக்கு இறங்கும். இரும்பிலும் தளர்ந்த பிறகு வார்ப்பின் மேல்தோலுக்கு. பம்ப் வார்ப்புகள் நிறைந்த ஊர் எங்களுடையது. ஃபவுண்டரியிலிருந்து வரும் வார்ப்பின் தோலில் மணல் ஒட்டியிருக்கும், தோலும் இறுகியிருக்கும். புது ஃபைலை அதில் ஒரு முறை இழுத்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது. ராவும் முகத்தைக் கையால் தடவினாலும் திட்டு விழும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பல் பிடிக்காமல் வழுக்கும். பல்லிடுக்கில் பொடி சிக்கினால் அது முகத்தில் கோடு போடும் என்பதால் சாக்பீஸ் பூசி ராவுவோம், கம்பி பிரஷ்ஷால் பல்லோட்டம் போகும் திசையில் தேய்த்து எடுப்போம். வேலை முடிந்ததும் ஒன்றின்மேல் ஒன்று படாமல், பட்டுப்புடவை மடித்து வைப்பதுபோலத் தனித்தனியாகத் துணியில் சுற்றி வைப்போம். பல்லோடு பல் உரசினால் இரண்டும் போகும்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஒரு பயிற்சி நிலையத்தில் கூப்பிடும்போதெல்லாம் போய்ப் பிள்ளைகளுக்குப் பெஞ்ச் வேலை சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே கண்டதுதான் இதை எழுத வைக்கிறது.

புதிதாக வாங்கிய ஃபைல்கள். அட்டைப்பெட்டி பளபளப்பாக இருந்தது. கைப்பிடி ரப்பரில் இரண்டு வண்ணம். எங்கள் காலத்தில் மரக் கைப்பிடியை நாங்களே துளை போட்டு வாலில் ஏற்றுவோம். கைப்பிடி இல்லாமல் ராவி உள்ளங்கையில் வால் ஏறியவர்கள் உண்டு. அந்த வகையில் இன்றைய கைப்பிடி நல்லது, மறுக்கமாட்டேன். ஆனால் கைப்பிடியிலிருந்து கண்ணை எடுத்து ஃபைலை நீளவாக்கில் பார்த்தேன். வயிறு ஒரு பக்கம் மட்டும் இருந்தது. மறுபக்கம் அதே அளவுக்குக் குழி. குளிரவைக்கும்போது வளைந்திருக்கிறது, நிமிர்த்தாமல் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். குழிவான பக்கத்தை வைத்து ஒரு தட்டை முகம் ராவ யாராலும் முடியாது.

ஒரு பையன் வைஸில் துண்டை மாட்டி மூச்சு வாங்க ராவிக்கொண்டிருந்தான். நிற்கும் விதம் சரி, கால் அகலம் சரி, கையோட்டமும் சரி. ஆனால் சத்தம் சரியில்லை. நன்றாக வெட்டும் அரத்துக்குக் கரகரவென்று ஒரு தடித்த சத்தம் உண்டு. அவன் கையிலிருந்து வந்தது கீச்சென்ற சத்தம். அழுத்தம் போதவில்லை என்று நினைத்து உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டான். ஃபைல் வழுக்கி ஓடியது. துண்டின் முகம் வெட்டுப்படாமல் மெருகேறிப் போயிருந்தது.

"சார், எனக்கு ராவறதுக்கு வரலீங்க சார்" என்றான்.

ஃபைலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கூரான பல்லின் முனையில் வெளிச்சம் நிற்காது. முனை மழுங்கித் தட்டையானால்தான் அங்கே வெள்ளைக் கோடாக மின்னும். அந்த ஃபைலின் நடுப்பகுதி முழுவதும் மின்னியது. அந்த வாரம் பெட்டியிலிருந்து எடுத்தது. என் பையிலிருந்த பழைய பாஸ்டர்டைக் கொடுத்தேன். நான் வேலையில் இருந்த காலத்தில் வாங்கியது. ஒரு பக்கத்தைப் பித்தளைக்கென்றே வைத்திருப்பவன் நான், அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் தள்ளலிலேயே பொடி குவிந்து விழுந்தது. பையன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"கையில குறையில்ல கண்ணு. ஃபைல்லதான் குறை" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தது விலையை நினைத்து அல்ல. பதினேழு வயதுப் பையன், தன் கைக்கு வேலை வராது என்று முடிவுகட்டிக்கொண்டு நின்றான். பக்கத்து வைஸ்களிலும் அதே வழுக்கல்தான். எத்தனை பிள்ளைகள் இப்படி, கருவியின் குறையைத் தங்கள் குறையாக எடுத்துக்கொண்டு இந்த வேலையை விட்டே போயிருப்பார்கள்?

பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் காலத்திலும் மட்டமான அரம் சந்தையில் இருந்தது. அவை தேய்ந்து பழைய இரும்போடு போய்விட்டன. என் பெட்டியில் மிஞ்சியிருப்பவை நல்லவை மட்டும். பழையது எல்லாமே உறுதி என்ற எண்ணம் இப்படி மிஞ்சியவற்றைப் பார்த்து வருவதுதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அன்று கடைக்காரர் நடுத்தரம் என்று எடுத்துப்போட்ட ஃபைல் இன்று அதே கடையில் நடுத்தரம் என்று தருவதைவிட நின்று உழைத்தது. இதை என் கை அறியும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு அரம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். 1 சதவீதத்துக்கு மேல் கரி கலந்த எஃகை அடித்து உருவம் கொடுத்து, மெல்லக் குளிரவைத்து மென்மையாக்கி, முகத்தைத் தட்டையாகத் தேய்ப்பார்கள். அந்த மென்மையான நிலையில்தான் பல் வெட்டுவார்கள். உளி சாய்வாக இறங்கும்போது எஃகு எழும்பிப் பல்லாகிறது. அதன் பிறகு செக்கச் சிவக்கக் காய்ச்சி, உப்புத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடிபோல் இறுகும். வாலை மட்டும் மென்மையாகவே விட வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடி ஓரத்தில் பட்டென்று உடையும்.

காய்ச்சும் நேரத்தில்தான் அரத்தின் தலைவிதி. சிவந்த எஃகின் மேல் காற்று பட்டால் மேல்தோலிலிருக்கும் கரி எரிந்துபோகும். கரி போன எஃகு எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தாலும் இறுகாது. வேறு கருவியாக இருந்தால் அந்த மெல்லிய தோலைச் சாணையில் தேய்த்து எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் நல்ல எஃகைப் பயன்படுத்தலாம். அரத்தில் அது முடியாது. பல் இருப்பதே அந்தத் தோலில்தான். அதனால்தான் அந்தக் காலத்தில் உப்பும் மாவும் கரித்தூளும் குழைத்துப் பல்மேல் பூசிய பிறகே உலையில் வைத்தார்கள். பிறகு உருக்கிய உப்பிலோ ஈயத்திலோ மூழ்கவைத்துக் காய்ச்சும் முறை வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டால் போதும். உள்ளே எஃகு முதல்தரமாக இருந்தாலும் பல் ஈயம்போல் மடங்கும். முக்கி எடுத்ததும் முழுக்க ஆறுமுன் நிமிர்த்த வேண்டியதும் இதே கட்டத்தில்தான். அதற்குப் பழகிய கண்ணும் கையும் வேண்டும், நேரமும் வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது இந்த நேரம்.

கடையில் வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. தோல் கெட்ட அரமும் நல்ல அரமும் பெட்டியில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பல் வெட்டுவதே ஒரு பெரும் கலையாக இருந்தது. லியோனார்டோ டா வின்சி அரத்துக்குப் பல் வெட்டும் இயந்திரம் ஒன்றை வரைந்து பார்த்திருக்கிறார். ஆனாலும் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் கையே வெட்டியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆணும் பெண்ணும் குனிந்து உட்கார்ந்து, உளியும் சுத்தியலும் கொண்டு ஒவ்வொரு பல்லாக எழுப்பினார்கள். ஒரு பக்கம் வெட்டி முடித்துத் திருப்பும்போது அந்தப் பல் நசுங்கக் கூடாது என்று அரத்தை ஈயக் கட்டியின் மேல் வைத்து வெட்டினார்கள். அந்த ஈயமே அவர்கள் உடம்பில் ஏறியது. மணிக்கட்டு தொங்கிப்போனவர்கள், வயிற்றுவலியில் துடித்தவர்கள் அந்தத் தொழிலில் ஏராளம். அந்த வேலை இயந்திரத்துக்குப் போனதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

இயந்திரம் கெடுத்தது என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் 1864இல் வில்லியம் நிக்கல்சன் தொடங்கிய கம்பெனி இயந்திர வெட்டைப் பெரிய அளவில் நிலைநிறுத்தியது. இயந்திரம் எல்லாப் பல்லையும் சம இடைவெளியில் வெட்டினால் அரம் முகத்தில் துள்ளும், அலையலையாகக் கோடு விழும். கையால் வெட்டியதில் இடைவெளி கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால் துள்ளாது. இதைப் புரிந்துகொண்டு, இடைவெளி சிறிது சிறிதாக மாறும்படி இயந்திரத்தையே அவர்கள் அமைத்தார்கள். கைவினைஞனின் கையில் இருந்த நன்மையைக் கவனித்து, அதை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த அந்த அக்கறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது. நம் நாட்டிலும் செய்யத் தெரியாமல் இல்லை. ரேமண்ட் குழுமத்தின் ஜே.கே. ஃபைல்ஸ் உலகின் பெரிய அரம் தயாரிப்பாளர்களில் ஒன்று. மகாராஷ்டிரத்து ரத்னகிரியிலும் சிப்ளூணிலும் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

அறிவு தொலையவில்லை. தொலைந்தது, அரத்தைக் கையில் எடுத்ததும் நல்லது கெட்டது சொல்லிவிடும் ஆள். அதுதான் என் துக்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோவை கணபதிப் பகுதியில் ஒரு டூல் ரூமில் டை செய்வோம். மோட்டாருக்கான தகடு வெட்டும் டை. கோடு போட்ட இடத்தைச் சுற்றி ஒட்டி ஒட்டித் துளையிட்டு, நடுத்துண்டை உளியால் தட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை எல்லாம் அரத்தால்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். மூலைக்கு முக்கோண அரம், வளைவுக்கு அரைவட்டம், காடிக்குச் சதுரம். டைக்குள் இறங்கும் பஞ்ச்சின் மேல் நீலம் தடவி உள்ளே இறக்கி எடுத்தால் எங்கே தட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அதை மட்டும் ஸ்மூத் ஃபைலால் ஒரு தள்ளல், மறுபடி நீலம், மறுபடி ஒரு தள்ளல். அங்கிருந்த மூத்த ஃபிட்டர் அண்ணன் ஒருவர் புது ஃபைல் வந்தால் வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுவார். கணீரென்று ஒலித்தால் எடுத்துக்கொள்வார். சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல் என்று ஸ்டோருக்கே திருப்பி அனுப்புவார். ஸ்டோர்காரர் கடைக்குத் திருப்புவார், கடைக்காரர் ஏஜெண்டுக்கு. அந்த ஒரு சுண்டல் கம்பெனி வரைக்கும் போய்ச் சேரும்.

இன்று அந்த டையை வயர்கட் இயந்திரம் வெட்டுகிறது. எஃகை இறுக்கிய பிறகே வெட்டலாம், அளவு மாறாது. நாங்கள் செய்ததைவிட நேர்த்தி. பிசிறு தட்ட ஆங்கிள் கிரைண்டர் வந்துவிட்டது. தெருவோரம் சாவி செய்கிறவர் பூட்டின் துளைக்குள் வெறும் சாவியை நுழைத்துத் திருகி, அதில் விழுந்த தடத்தைப் பார்த்துப் பார்த்து ராவிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்திலும் நகல் எடுக்கும் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. தச்சருக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். மரம் அறுக்கும் ரம்பம் மழுங்கினால் முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டி, ஒன்றுவிட்டு ஒன்று வளைத்துப் பல் வைப்பார்கள். அந்த ரம்பம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். இப்போது விற்கும் ரம்பங்களில் பல்லின் நுனி மட்டும் கருநீலமாக இருக்கும். மின்தூண்டலில் சுடவைத்து இறுக்கியது. நெடுநாள் கூராக இருக்கும், ஆனால் மழுங்கினால் எந்த அரமும் அதன்மேல் ஏறாது. தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தத் தச்சர் முக்கோண அரம் வாங்கக் கடைக்குப் போவதே இல்லை. வீட்டில் தேங்காய்த் துருவியின் பல்லை ராவித் தரும் ஆளும் இல்லை.

இப்படி ஒவ்வொருவராக நகர்ந்துபோன பிறகு கடையில் அரம் வாங்க வருகிறவர் யார்? ஆண்டுக்கு ஒருமுறை கதவுத் தாழ்ப்பாளை நாலு இழுப்பு இழுக்கிறவர். அவருக்கு எந்த அரமும் போதும். வழுக்கினாலும் அரத்தைக் குறை சொல்லத் தெரியாது.

இதற்கு மறுபக்கமும் என் ஊரிலேயே இருக்கிறது. செல்வபுரத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் எப்போதாவது போய் உட்கார்ந்திருப்பேன். அவர் பலகையின் அடியில் தோல் விரிப்பு. ராவும் தங்கப்பொடி ஒரு துகள் விடாமல் அதில் விழும். மாலையில் அதைத் திரட்டி, அதன்மேல் காந்தத்தை நடத்துவார். அரத்திலிருந்து உடைந்த இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தங்கம் கீழே நிற்கும். "மட்டமான அரம்னா காந்தத்துல தாடி முளைச்ச மாதிரி ஒட்டுமுங்க. இது பாருங்க" என்று காட்டினார். காந்தம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அவர் கையிலிருந்தது ஸ்விட்சர்லாந்தின் வல்லோர்ப் ஊரிலிருந்து வரும் ஊசி அரம். அந்த வரிசையில் வெட்டு 00 தொடங்கி 6 வரை போகிறது, எண் ஏற ஏறப் பல் நுணுகும். விலை அதிகம். ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அதைத் தேய்த்து எடுக்கும்போது வீணாவது தங்கம் என்பதால், விலையைப் பற்றி அவர் பேசுவதில்லை. தரம் தெரிந்து கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கு நல்ல அரம் இன்றும் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

பயிற்சி நிலையங்களில் அப்படிக் கேட்கிறவர் இல்லை. கொள்முதல் தாளில் எழுதியிருப்பது ஃபைல், தட்டை, 12 அங்குலம், பாஸ்டர்ட், இத்தனை எண்ணிக்கை என்பது மட்டும். யார் விலை குறைவோ அவருக்கு ஆர்டர். பல்லின் கடினம் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை, வளைவு எவ்வளவு வரை ஏற்கலாம் என்று ஒரு வரி இல்லை. நல்ல பொருள் தருகிறவர் இந்தப் போட்டியில் எப்படி ஜெயிப்பார்? இந்தியத் தர நிர்ணயத்தில் எஞ்சினியர்கள் பயன்படுத்தும் அரத்துக்கென்றே தனித் தரம் இருக்கிறது. அந்த எண்ணைத் தாளில் எழுதி, வந்த சரக்கை அதன்படி சோதித்து வாங்கினால் பாதி குப்பை வாசலிலேயே நின்றுவிடும்.

சோதிப்பது பெரிய வித்தையும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் முன்பே மான்செஸ்டரில் எட்வர்ட் ஹெர்பர்ட் என்பவர் இதற்கென ஓர் இயந்திரம் செய்தார். அது அரத்தை ஓர் இரும்புத் தண்டின்மேல் ஓயாமல் ஓட்டி, எத்தனை ஓட்டத்தில் எவ்வளவு உலோகம் வெட்டியது என்பதைத் தாளில் கோடாக வரையும். நல்ல அரத்தின் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டே போகும். மட்டமானது சீக்கிரமே படுத்துவிடும். அரம் செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே கோட்டைப் பார்த்துப் பேசிக்கொள்ள முடிந்தது.

அந்த இயந்திரம் இல்லாமலும் செய்யலாம். நிலையத்தின் முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்த பெட்டியிலிருந்து கைக்கு வந்த சில ஃபைல்களை எடுங்கள். நீளவாக்கில் பார்த்து, குழி விழுந்ததைத் தள்ளுங்கள். வாலைப் பிடித்துச் சுண்டுங்கள். ஒரே அளவு எம்.எஸ். துண்டை வைஸில் மாட்டி, ஒரே ஆள், ஒரே எண்ணிக்கையில் தள்ளி, விழுந்த பொடியை ஆய்வகத் தராசில் நிறுங்கள். நாள் முழுக்க ராவிவிட்டு மாலையில் அதே எண்ணிக்கை தள்ளி மறுபடி நிறுங்கள். காலையும் மாலையும் பெரிதாக விலகாவிட்டால் பில்லில் கையெழுத்துப் போடுங்கள். விலகினால் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள், காரணத்தையும் எழுதி அனுப்புங்கள். தராசு முன்னால் பிள்ளைகளையே நிற்க வையுங்கள். எது நல்ல அரம் என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். தாளைப் படித்துவிட்டு முதல்வர், "அடுத்த கொள்முதல்ல செஞ்சு பாக்கலாங்க" என்றார். அந்தப் பெட்டி வரும் நாளில் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.